ராத்திரி விளக்கில் ஐந்து சிப்: களிமண் போக்கர் சிப்புக்கு நிறம் தேர்வது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். நண்பர்களோடு போக்கர் சீட்டாடுவதற்கு, காசுக்குப் பதில் பந்தயம் வைக்கும் வட்ட வில்லையான களிமண் சிப் ஒரு செட் சொல்லிச் செய்யப் போகிறீர்கள். 1, 5, 25, 100, 500 என்று ஐந்து மதிப்பு, மொத்தம் அறுநூறு சிப், மேசையைச் சுற்றி எட்டுப் பேர். கேசினோ நிறங்கள் சலித்துப்போனதால் திரையில் நீங்களே ஒரு வரிசை போட்டிருக்கிறீர்கள்: 1 சந்தன நிறம், 5 வெங்காயச் சருகு நிறம், 25 பாசிப்பச்சை, 100 அரக்கு, 500 கருநீலம். இது அழகாக இருக்கிறதா, எதையாவது மாற்றலாமா என்பது கேள்வி. அழகாகவே இருக்கிறது. சேலை எடுக்கப் போனால் இந்த ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. சொல்லிச் செய்த சிப்பைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பெட்டி வந்து இறங்கி, முதல் ஆட்டம் முடிந்த பிறகு வருத்தப்படாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் பிளாஸ்டிக்குக்கு நிறமி கலந்து ஷேடு பொருத்தும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். எனக்காக இரண்டு களிமண் செட்டும் செய்து வாங்கியிருக்கிறேன். முதல் செட்டில் 100 கறுப்பு, 500 நல்ல அடர் கத்தரிப்பூ நிறம். பெட்டியைப் பகலில் ஜன்னலோரம் பிரித்தபோது அந்தக் கத்தரிப்பூவைக் கையிலிருந்து கீழே வைக்க மனம் வரவில்லை. அன்று இரவு மஞ்சள் விளக்கின் கீழ் ஆடினோம். நண்பர் ஒருவர் ஐந்து கறுப்புச் சிப்பை நடுவில் தள்ளினார், எதிரில் இருந்தவரும் ஐந்நூறு என்று எண்ணிச் சரி என்றார். அடுக்கைப் பிரித்தால் நடுவில் ஒன்று கத்தரிப்பூ. ஐந்நூறு என்று நினைத்தது தொள்ளாயிரமாக இருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, தள்ளியவருக்கே தெரியாது. அந்தச் சுற்று அத்தோடு செத்தது, அன்றைய ஆட்டமும் பாதியில் முடிந்தது. வேலையில் எந்த ஷேடையும் மூன்று விதமான விளக்கில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். என் சொந்தச் சிப்புக்கு அதைச் செய்யவில்லை. 500-ஐ மட்டும் மறுபடி வேறு நிறத்தில் செய்ய வேண்டியதாயிற்று.

முதலில், சிப்பை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை யோசியுங்கள். திரையில் நீங்கள் வரைந்திருப்பது மேலிருந்து பார்த்த வட்டம். நடுவில் ஒட்டுப்படம், அதில் மதிப்பு, சுற்றிலும் நிறம். ஆட்டத்தில் அந்தக் கோணம் கிட்டத்தட்ட கிடைப்பதே இல்லை. எதிரில் இருப்பவரின் சிப் எல்லாம் அடுக்கில் இருக்கும். உங்களுக்குத் தெரிவது பக்கவாட்டு விளிம்பு மட்டும். ஒரு சிப்பின் தடிமன் சுமார் 3.3 மில்லிமீட்டர். அந்த மெல்லிய கோட்டில் எண் கிடையாது, படம் கிடையாது, நிறமும், ஓரத்தில் பதித்த வேற்று நிறத் துண்டான எட்ஜ் ஸ்பாட்டும்தான் உண்டு. இருபது சிப் அடுக்கினால் ஆறரை சென்டிமீட்டர் உயரம் வரும். அதை மேசையின் மறுபக்கத்திலிருந்து, அரைக் கவனத்தில், ஒரு நொடியில் படிக்க வேண்டும். நிறத் தேர்வு முழுக்க இந்தப் பார்வைக்காகவே நடக்க வேண்டும்.

இனி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததில் முக்கியமானது. தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில், சின்னப் பரப்பில் கண் முதலில் பிரித்தறிவது நிறத்தின் பெயரை இல்லை, வெளிர்வா அடர்வா என்பதைத்தான். சிவப்பா பச்சையா என்பது அதற்கு அப்புறம். அதனால் ஒரு வரிசையைச் சோதிக்க நான் முதலில் செய்வது, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது. உங்கள் வரிசையை அப்படி மாற்றினால் ஐந்து நிறம் மூன்றாகக் குறைந்துவிடுகிறது. சந்தனமும் வெங்காயச் சருகும் ஒரே வெளிர் சாம்பல். பாசிப்பச்சை நடுத்தரம். அரக்கும் கருநீலமும் ஒரே அடர் சாம்பல். இதில் 1-ம் 5-ம் குழம்பினால் கொஞ்சம்தான் நஷ்டம். 100-ம் 500-ம் குழம்பினால் என் கத்தரிப்பூ கதைதான்.

கறுப்பு வெள்ளைச் சோதனையை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். போன் கேமரா சிவப்பையும் நீலத்தையும் சாம்பலாக்கும் கணக்கு மனிதக் கண்ணோடு சரியாக ஒத்துப்போகாது. ஒவ்வொரு செயலியும் ஒரு மாதிரி மாற்றும். இரண்டு நிறம் ஒரே சாம்பலாக வந்தால் சந்தேகப்படுங்கள், அவ்வளவுதான். அந்த இரண்டும் மஞ்சள் பக்கம் ஒன்று, நீலப் பக்கம் ஒன்று என்று எட்ட நின்றால் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஒரே பக்கம் நின்றாலும், இரண்டும் அடர் நிறமாக இருந்தாலும் தப்பாது.

அடுத்தது விளக்கு. ஆட்டம் ராத்திரியில் நடக்கிறது, வீட்டு விளக்கு பெரும்பாலும் மஞ்சள் சாய்ந்தது, 2700 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் ரகம். அந்த வெளிச்சத்தில் நீலக் கூறு குறைவு. அதனால் கருநீலமும் அடர் கத்தரிப்பூவும் கறுப்பை நோக்கிச் சரியும். வெள்ளை, சந்தனம், வெளிர் மஞ்சள் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெங்காயச் சருகு நிறத்தில் உள்ள அந்த லேசான இளஞ்சிவப்பு, உங்களுக்குப் பிடித்த அந்த அழகே, மஞ்சள் வெளிச்சத்தில் கரைந்து சந்தனமாகவே தெரியும். மலிவான எல்இடி விளக்கில் இன்னொரு கோளாறும் உண்டு. நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு ஒரு குறியீட்டு எண் இருக்கிறது, சிஆர்ஐ என்பார்கள். அது 80-க்குப் பக்கத்தில் இருக்கும் விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு பெரும்பாலும் செத்துப்போய், பழுப்பு மாதிரி இருக்கும். அரக்கு நிறத்துக்கு இது நேரடி அடி. 90-க்கு மேல் உள்ள விளக்கு ஒன்றை மேசைக்கு மேலே மாட்டுவது, சிப்பில் எந்த நிறத்தை மாற்றுவதையும்விடச் சுலபம். அதை முதலில் செய்துவிட்டு நிறம் பாருங்கள்.

நிறக்குறைபாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாத குறை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு உண்டு, பெண்களில் அரை சதவீதம். மற்ற இடங்களில் விகிதம் மாறும், பொதுவாகக் குறைவு. 8 சதவீதம் என்றே வைத்துக் கணக்குப் போட்டால், எட்டு ஆண்கள் உட்காரும் மேசையில் ஒருவருக்காவது அது இருக்கக் கிட்டத்தட்ட சரிபாதி வாய்ப்பு. அவர்களில் நிறையப் பேருக்குத் தமக்கு அப்படி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் சீட்டாட்டத்தில் வாய்திறந்து சொல்வதில்லை, மெதுவாக எண்ணுவார்கள், அவ்வளவுதான். உங்கள் பாசிப்பச்சையும் அரக்கும் அவர்களுக்கு இரண்டு விதப் பழுப்பு. வெளிர்வு வித்தியாசம் நன்றாக இருந்தால் சமாளித்துக்கொள்வார்கள். நீலத்தையும் கத்தரிப்பூவையும் பக்கத்துப் பக்கத்து மதிப்புக்கு வைத்தாலும் இதே தொல்லைதான், ஏனென்றால் கத்தரிப்பூவில் உள்ள சிவப்பு அவர்களுக்குக் காணாமல் போய்விடும். ஆட வருபவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை, அவர்களுக்குச் சந்தோஷமாகவே இருக்கும்.

எட்ஜ் ஸ்பாட் விஷயத்துக்கு வருகிறேன். களிமண் சிப்பின் ஸ்பாட் மேலே அச்சடித்தது இல்லை. அடிநிறச் சிப்பின் ஓரத்தில் துண்டு வெட்டி எடுத்து, அந்த இடத்தில் வேறு நிறத் துண்டை வைத்து, அச்சில் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒன்றாக்குகிறார்கள். அதனால்தான் தேய்ந்தாலும் நிறம் போவதில்லை, அதனால்தான் ஸ்பாட் கூடக்கூட விலையும் ஏறுகிறது. எவ்வளவு ஸ்பாட் வேண்டும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 39 மில்லிமீட்டர் சிப்பின் சுற்றளவு சுமார் 122 மில்லிமீட்டர். கால் அங்குல ஸ்பாட் நான்கு வைத்தால் 25 மில்லிமீட்டர் போகும், அதாவது விளிம்பில் ஐந்தில் ஒரு பங்கு. அடிநிறம் ராஜாவாகவே இருக்கும். அதே அளவில் எட்டு வைத்தால் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். அப்போது அடுக்கைத் திருப்பும் பக்கத்துக்கெல்லாம் வேறு வேறு கலவை தெரியும், தூரத்தில் அடிநிறமும் ஸ்பாட்டும் கலந்து மூன்றாவது ஒரு நிறமாகப் படும். சிவப்பில் நிறைய வெள்ளை ஸ்பாட் வைத்தால் எட்டிப் பார்க்கும்போது இளஞ்சிவப்பு. கீழ் மதிப்புக்கு எளிய ஸ்பாட், மேலே போகப்போகச் சிக்கலான ஸ்பாட் என்று செய்கிறார்களே, அது வெறும் ஆடம்பரம் இல்லை. நிறம் காலை வாரினால் வடிவம் காப்பாற்றும். 100-க்கும் 500-க்கும் ஸ்பாட்டின் எண்ணிக்கையும் அகலமும் கண்டிப்பாக வேறாக இருக்கட்டும்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பிடித்த நிறத்தை அடிநிறமாகத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெங்காயச் சருகு நிறம் கருநீலத்தின் மேல் ஸ்பாட்டாக உட்கார்ந்தால், தனியாக நிற்பதைவிட இரண்டு மடங்கு எடுப்பாகத் தெரியும். பக்கத்து நிறம் நம் கண்ணை எப்படி மாற்றுகிறது என்பதைப் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த மிஷேல் ஷெவ்ரல் 1839-இல் விரிவாக எழுதிவைத்தார். கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று நெசவாளர்கள் புகார் சொன்னார்கள். அவர் சோதித்துப் பார்த்தபோது சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்திருந்தன. மேசைத் துணியிலும் இதே கதை. பச்சைத் துணியில் பச்சைச் சிப் மங்கும், சிவப்பு இன்னும் சிவக்கும். உங்கள் துணி என்ன நிறம் என்று எழுதவில்லை. பச்சையாக இருந்தால் பாசிப்பச்சைச் சிப் நடுவில் சிதறிக் கிடக்கும்போது தொலைந்துபோகும்.

கேசினோ வழக்கத்தை விடலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 5 சிவப்பு, 25 பச்சை, 100 கறுப்பு, 500 ஊதா என்பது வெகுவாகப் பரவிய வழக்கம். நியூ ஜெர்சியில் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கலிபோர்னியாவின் சீட்டாட்டக் கூடங்களில் மஞ்சள் 5 சகஜம், 1-க்கு ஊருக்கு ஊர் வெள்ளையும் நீலமும் மாறும். ஆகவே மீறினால் குற்றமில்லை. நான் சொல்வது ஒன்றுதான்: பின்பற்றினால் முழுக்கப் பின்பற்றுங்கள், விட்டால் முழுக்க விடுங்கள். பச்சையை 5-க்கும் சிவப்பை 25-க்கும் மாற்றி வைப்பதுதான் ஆபத்து. கேசினோவில் பழகிய கை யோசிக்காமல் தள்ளும், பழைய மதிப்பிலேயே தள்ளும்.

நிறத்துக்கு மனசோடு சம்பந்தம் உண்டு, சிவப்புச் சிப் கையில் இருந்தால் துணிச்சலாகப் பந்தயம் கட்டுவார்கள், அடர் நிறம் பெரிய மதிப்பாகத் தோன்றும் என்றெல்லாம் நிறையப் பேர் சொல்வார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேல் மதிப்பு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பது வெறும் பழக்கம். 500 பளிச்சென்று இருந்தால் மேசையில் யாரிடம் எத்தனை இருக்கிறது என்று உடனே தெரியும், ஆட்டத்துக்கு அது நல்லது. சரி, இது என் ரசனையும் கலந்த பேச்சு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெளிர்வு, விளக்கு, நிறக்குறைபாடு பற்றி மேலே சொன்னதோடு இதைச் சேர்த்து எண்ண வேண்டாம்.

திரையை நம்பாதீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆனால் காரணம் தெரிந்தால் இன்னும் உஷாராக இருப்பீர்கள். திரை ஒளியை உமிழ்கிறது, களிமண் ஒளியை உள்வாங்கி ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. பளபளப்பில்லாத மேற்பரப்பு எந்த அடர் நிறத்தையும் கொஞ்சம் வெளுத்துக் காட்டும். புதுச் சிப்பின் மேல் மாவு மாதிரி ஒரு வெண்படலமும் இருக்கும். மினரல் ஆயிலை ஒரு துணியில் தொட்டுத் துடைத்தால்தான் உண்மையான நிறம் வெளியே வரும், அதுவும் ஒரு படி அடர்ந்து வரும். அதோடு, களிமண் சிப் செய்பவர்களிடம் இருப்பது குறிப்பிட்ட சில டஜன் நிறங்கள். திரையில் நீங்கள் எடுத்த அதே பாசிப்பச்சை அவர்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை. நடு ஒட்டுப்படம் தனியாக அச்சாவது. அதன் பின்னணியைச் சிப்பின் நிறத்தோடு அப்படியே பொருத்த முயன்றால் கிட்ட வந்து ஒட்டாமல் நிற்கும். அது முழு வித்தியாசத்தைவிட உறுத்தும். வெள்ளையோ சந்தனமோ சாம்பலோ வைத்துவிடுவது நிம்மதி. ஒளிரும் ரக நிறங்கள் ஆசை காட்டும், ஆனால் அந்த நிறமிகள் வெயில் படப்பட மற்றவற்றைவிடச் சீக்கிரம் வெளுக்கும். வெள்ளையும் சந்தனமும் கைப்பிசுக்கில் சாம்பல் பூக்கும். சந்தனத்தில் அது அவ்வளவு அசிங்கமாகத் தெரியாது என்பதால் வெள்ளைக்குப் பதில் அதை நீங்கள் எடுத்தது சரி.

ஆகவே உங்கள் வரிசையை நான் இப்படி மாற்றுவேன். 1 சந்தனமாகவே இருக்கட்டும், அரக்கு ஸ்பாட் நான்கு. 5-க்கு வெங்காயச் சருகை விட்டுவிட்டு, அதே குடும்பத்தில் இரண்டு மூன்று படி அடர்ந்த செங்கல் சிவப்பு, சந்தன ஸ்பாட். 25-க்குப் பாசிப்பச்சையை நீலம் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் வெளிர்த்து, கடல்பச்சை ஆக்குங்கள், அதில் கருநீல ஸ்பாட். 100 கருநீலம், வெங்காயச் சருகு ஸ்பாட் தாராளமாக. 500-க்கு ஆரஞ்சு, அரக்கும் சந்தனமும் மாறி மாறி. கறுப்பு வெள்ளையில் கடல்பச்சையும் ஆரஞ்சும் கிட்டத்தில் வரும். ஆனால் ஒன்று நீலப் பக்கம், மற்றது மஞ்சள் பக்கம், சிவப்பு பச்சை தெரியாதவருக்கும் தனித்தனியாகத் தெரியும். கருநீலம் மஞ்சள் விளக்கில் கறுப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, வரிசையில் வேறு கறுப்பு இல்லை. 5 சிவப்புப் பக்கமும் 25 பச்சைப் பக்கமும் நிற்பதால் கேசினோவில் பழகியவர் கையும் தடுமாறாது. நீங்கள் தேர்ந்த ஐந்தில் பாசிப்பச்சை தவிர எதுவும் வீணாகவில்லை.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் விளக்கில், உங்கள் துணியில் அந்த ஆரஞ்சு எப்படி இருக்கும் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. நிறத்துக்கு ஒன்றாக மாதிரிச் சிப் வாங்குங்கள். எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். ராத்திரி, ஆடும் விளக்கின் கீழ், ஐந்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மேசையின் ஒரு முனையில் வைத்துவிட்டு மறுமுனையில் போய் உட்காருங்கள். வீட்டில் வேறு யாரையாவது வரிசையை மாற்றி அடுக்கச் சொல்லி, பார்த்த மாத்திரத்தில் மேலிருந்து கீழாக மதிப்பைச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை தயங்கினாலும் அந்த இரண்டு நிறத்தில் ஒன்றை மாற்றுங்கள். முடிவானதும், 5-லும் 25-லும் நாற்பது ஐம்பது சிப் கூடுதலாகவே சொல்லிவிடுங்கள். அதிகம் கைமாறுவது அவைதான். இரண்டு வருஷம் கழித்து அதே நிறம் என்று கேட்டு வாங்கினால், வேறு கலவையில் வந்த செங்கல் சிவப்பு பழைய அடுக்கின் நடுவில் ஒரு கோடாகத் தனித்துத் தெரியும்.